தண்ணீர்க் கேள்விகள்: குஜராத் படிக்கிணறும் நம் ஊர்ப் படித்துறையும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி படிக்கிணறுகளைப் பற்றியே இருக்கின்றன. கிணற்றுக்கு உறை இறக்கிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, நீர்ப்பாசன வேலையிலேயே ஓய்வு பெற்றவன் நான். இதைவிடப் பிடித்த விஷயம் எனக்குக் கிடையாது. நேராகக் கேள்விகளுக்குப் போய்விடுகிறேன்.

அய்யா, ஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் 'ராணி கி வாவ்' படம் இருக்கிறது. கிணறு என்கிறார்கள், பார்த்தால் கோயில் மாதிரி இருக்கிறது. இத்தனை கோயில் கட்டிய சோழர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஏன் அப்படி ஒரு கிணறுகூடக் கட்டவில்லை?
— பாலிடெக்னிக் மாணவி, மன்னார்குடி

கிணறுதாம்மா, சந்தேகமே வேண்டாம். வடக்கு குஜராத்தில் பாட்டன் என்ற ஊரில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் சோலங்கி அரசன் முதலாம் பீமதேவனின் மனைவி உதயமதி கட்டியது. கிழக்கே தரைமட்டத்தில் படி இறங்கத் தொடங்கினால் மேற்குக் கோடியில் வட்டக் கிணற்றில் போய் முடியும். நீளம் சுமார் 65 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் 27 மீட்டருக்கு முன்பின். நம் பெரிய கோயில் விமானத்தைத் தரையில் படுக்க வைத்தால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். ஏழு அடுக்கு. பெரிய சிற்பங்களே 500-க்கு மேல், சிறியவை ஆயிரத்துக்கு மேல். கிணற்றுச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். ஸ்ரீரங்கத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த இடத்தை விட்டுக் கால் நகராது.

பக்கத்தில் ஓடிய சரஸ்வதி ஆறு வெள்ளத்தில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி இதை மூடிவிட்டது. 1980-களில் தொல்லியல் துறை முழுவதுமாகத் தோண்டி எடுத்தது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததால்தான் சிற்பங்கள் மூக்கு முழி கெடாமல் நமக்குக் கிடைத்தன. 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது, 2018-ல் நோட்டில் ஏறியது.

இனி உன் கேள்வி. அந்தப் பக்கத்தில் மழை என்றால் ஆனி, ஆடி, ஆவணி, கொஞ்சம் புரட்டாசி, அவ்வளவுதான். மழை முடிந்ததும் கிணற்று நீர்மட்டம் இறங்க ஆரம்பிக்கும். ஆவணியில் பத்தடியில் நின்ற தண்ணீர் சித்திரையில் எண்பதடிக்குப் போனால் கயிறும் வாளியும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஆள் நடந்து போய்க் குடத்தை முக்குகிற மாதிரி கட்டினார்கள். மழைக்காலத்தில் கீழ் அடுக்குகள் மூழ்கிக் கிடக்கும், கோடையில் அடிவரை இறங்கலாம். வெளியே வெயில் 45 டிகிரி காயும்போது கீழே குளுகுளுவென்று இருக்கும். வியாபாரிகள் ஒட்டகங்களை மேலே கட்டிவிட்டு உள்ளே படுத்து இளைப்பாறிப் போவார்கள். பெண்கள் தண்ணீருக்கு இறங்கினால் வெயில் தாழும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். கிணறு, சத்திரம், கோயில் மூன்றும் ஒரே கட்டடம்.

நம் பக்கம் தண்ணீர் எங்கே கிடைத்தது? காவிரி ஓடிய காலத்தில், தோட்டத்தில் இருபதடி தோண்டினால் ஊற்று. இன்னும் கிழக்கே திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் போனால் மேலேதான் நல்ல தண்ணீர், ஆழமாகப் போனால் உப்பு. ஆழத்துக்கு ஆசைப்பட்டவன் அங்கே கெட்டான். மண்ணும் வேறு. குஜராத்தின் ஜூனாகட் ஊரில் உபர்கோட்டைக்குள் ஆதி கடி வாவ் என்று ஒரு படிக்கிணறு உண்டு. கட்டியதே இல்லை, பாறையை அப்படியே செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். நம்மிடம் செதுக்கப் பாறை ஏது? மேலே களி, கீழே மணல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது.

நம் மண்ணுக்கு ஏற்ற கிணறு உறைகிணறு. என் தாத்தா குடவாசல் வட்டாரத்தில் இறக்காத தோட்டம் இல்லை. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கி, ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்துகொள்வார். கையில் குட்டைப் பிடி மண்வெட்டி. உறையின் விளிம்புக்கு அடியில் சுற்றிச் சுற்றி மண்ணைச் சுரண்டுவார். உறை தன் பாரத்திலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே அடுத்த உறை ஏறும். ஒரு பக்கம் கை கூடுதலாகப் போய்விட்டால் மொத்த அடுக்கும் சாய்ந்துவிடும், பிறகு நிமிர்த்துவது லேசான காரியம் இல்லை. அதனால் மேலே ஒருவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே 'மேக்கால வாங்கு, தெக்கால விடு' என்று குரல் கொடுப்பார். இறங்காமல் முரண்டு பிடித்தால் மணல் மூட்டையை ஏற்றிப் பாரம் கூட்டுவார்கள். ஊற்று மணல் கண்டதும் அடியில் நெல்லிக்கட்டை, தண்ணீர் ருசிக்கு. இந்த வேலை நேற்று வந்தது இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போதே 'உறைக்கிணற்றுப் புறச்சேரி' என்று வருகிறது.

சோழர்களுக்கு வருவோம். உதயமதி பாட்டனில் ஆழத்துக்குப் போன அதே நூற்றாண்டில், ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே சோழகங்கம் ஏரியை வெட்டினான். மைல் கணக்கில் கரை. திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீராலான வெற்றித் தூண் என்கிறது. ராணியின் வாவுக்கு நம்மிடம் சமமாக நிற்பது கிணறு அல்ல, ஏரியும் குளமும். உன் ஊர் ஹரித்ராநதி 23 ஏக்கர் என்று சொல்வார்கள். அதன் படித்துறையில் உட்கார்ந்துகொண்டு 'நம்மிடம் ஒன்றும் இல்லையே' என்று நீ கேட்கலாமா?

எட்டடி அஸ்திவாரக் குழி எடுத்தாலே எங்களுக்குப் பக்கம் சரியுது. தொண்ணூறு அடி ஆழத்துக்கு சிமெண்ட், கம்பி இல்லாமல் எப்படி நின்றது?
— கொத்தனார், பாபநாசம்

இப்படிக் கேட்பவரிடம் பேச எனக்குக் கொள்ளை ஆசை, மேஸ்திரி.

படிக்கிணற்றில் இரண்டு பகுதி உண்டு. கோடியில் இருக்கும் கிணறு வட்டம். வட்டச் சுவரைச் சுற்றியுள்ள மண் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும்போது கல்லும் கல்லும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பயம் இல்லை. ஆபத்து படி இறங்கும் நீளப் பாதையில்தான். இரண்டு பக்கமும் நேர்ச் சுவர், இறங்க இறங்க உயரம் கூடும், மண் தள்ளும் வேகமும் கூடும். அதுவும் நனைந்த மண் இரண்டு பங்கு தள்ளும், இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குத்தான் பாதையின் குறுக்கே இடைவெளி விட்டு விட்டுத் தூண் மண்டபங்கள். பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். அந்த மண்டபத்து உத்தரங்கள்தான் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஆழமான குழி எடுக்கும்போது இரண்டு பக்கமும் பலகை வைத்து நடுவில் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதே வேலையைக் கல்லில் நிரந்தரமாகச் செய்திருக்கிறார்கள். ஆழம் கூடக்கூட மண்டபத்துக்கு அடுக்கு கூடும். இதைத் தவிர ராணி கி வாவில் பக்கச் சுவரை ஒரே செங்குத்தாக எழுப்பாமல் தட்டுத் தட்டாக உள்வாங்கி எழுப்பியிருப்பதால் பாரம் ஒரே இடத்தில் குவியாது.

சிற்ப சாஸ்திரத்தில் இதற்கு வகையும் உண்டு. ஒரு வாசல் இருந்தால் நந்தா, இரண்டு பத்ரா, மூன்று ஜயா, நான்கு விஜயா. ராஜஸ்தானில் ஆபானேரி ஊரின் சாந்த் பாவடி இன்னொரு மாதிரி: நீளப் பாதையே கிடையாது, சதுரக் குழியின் மூன்று பக்கமும் சின்னச் சின்ன இரட்டைப் படிகள், 13 அடுக்கு, சுமார் 3,500 படி. கீழே போகப் போகச் சதுரம் குறுகும். சுவரே சரிவாக நிற்பதால் அங்கே முட்டு தேவைப்படவில்லை. நான்காவது பக்கத்தில் மட்டும் மண்டபங்கள்.

தமிழ்நாட்டில் படிக்கிணறு ஒன்றுகூட இல்லையா? டெல்டாவிலிருந்து ஒரு நாளில் போய்வரக் கூடியதாக இருந்தால் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

இருக்கிறது, ஐயா. திருவெள்ளறைக்குப் போங்கள். திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் பஸ்ஸிலேயே போய்விடலாம். புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கு வெளியே 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், அவனுடைய நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி. பாட்டன் கிணற்றுக்கும் இரண்டரை நூற்றாண்டு மூத்தது. கட்டியவர் அரசர் இல்லை, கம்பன் அரையன் என்பவர்.

நான்கு பக்கமும் படி. ஒவ்வொரு படிவரிசையும் பாதியில் ஒரே திசையாக மடங்கி இறங்குவதால் மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம் தெரியும். ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊரில் இதை மாமியார் மருமகள் குளம் என்றும் சொல்வதற்கு அதுதான் காரணம்!

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் இன்னொன்று. அங்கே கல்லில் ஒரு பாட்டே வெட்டியிருக்கிறார்கள். மூப்பு வந்து தளர்த்துவதற்கு முன்னால் 'உண்டேல் உண்டு மிக்கது உலகம் அறிய வைம்மினே' என்று முடியும். இருப்பதை உண்டு, மிஞ்சியதை உலகம் அறிய வைத்துவிட்டுப் போ என்கிறது. பேரப்பிள்ளைகளை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி எழுத்துக்கூட்டச் சொல்லுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் ஒரு நாளில் போய்வரலாம். கோயில் வளாகத்தில் சிங்கக் கிணறு. செங்கல்லும் சுதையுமாக ஒரு பெரிய சிங்கம், அதன் உடம்புக்குள் நுழைந்து படி இறங்கினால் கிணற்றில் போய் நிற்போம். ராஜேந்திரன் கங்கை நீரை இதில்தான் ஊற்றினான் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. சிங்க உருவம் பிற்காலத்தில் உடையார்பாளையம் ஜமீன்தார் காலத்து வேலை. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

காஞ்சிபுரம் பக்கத்து அய்யங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. கீழே போனால் கிணற்றைச் சுற்றித் தூண் மண்டபம். சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள், வரதராஜப் பெருமாள் அந்த மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அது ஒரு நாள் பயணத்துக்கு அடங்காது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் அகமதாபாத்தில் வேலை பார்க்கிறான். அடாலஜ் கிணற்றைக் காட்டினான். ராணி அதில் குதித்து உயிரை விட்டதாக அங்கே சொன்னார்கள். நிஜமா?
— இல்லத்தரசி, நாகப்பட்டினம்

அது ஊரில் வழங்கும் கதை, அம்மா. கல்வெட்டு இருக்கிறது, சமஸ்கிருதத்தில். வீரசிம்மன் என்ற வாகேலா தலைவனின் மனைவி ரூடா கட்டி முடித்தாள், ஆண்டு சம்வத் 1555, அதாவது கி.பி. 1499 என்கிறது. அப்போது குஜராத்தை ஆண்டவர் சுல்தான் மகமூது பேகடா. அவர் ராணியை மணக்க ஆசைப்பட்டார், கிணற்றை முடித்துக் கொடுத்தால் சம்மதம் என்றாள், முடிந்ததும் குதித்துவிட்டாள் என்பது கதை. என் மனம் அந்தக் கதையில் ஒட்டவில்லை. ஐந்து அடுக்குக் கிணற்றைக் கட்டி முடித்த ஒரு பெண்ணை, கட்டியதற்காக நினைக்காமல் செத்ததற்காக நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை போனால் முதல் தட்டில் நில்லுங்கள். மூன்று பக்கத்திலிருந்தும் வரும் படிகள் அங்கேதான் கூடுகின்றன. மூன்று வாசல், ஜயா வகை.

இவ்வளவு அருமையான கிணறுகளை வெள்ளைக்காரன்தான் மூடினான் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
— கிராம சுகாதாரச் செவிலியர், வேதாரண்யம் வட்டம்

கொஞ்சம் உண்மை. படிக்கிணறுகள் சுகாதாரக் கேடு என்று அவர்கள் ஆட்சியில் பல ஊர்களில் பயன்பாட்டை நிறுத்தியதும், பராமரிப்பு விட்டுப்போனதும் நடந்தது. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை. நீங்கள் செவிலியர், நரம்புச் சிலந்தி பற்றிப் படித்திருப்பீர்கள். புழுவின் குஞ்சு தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பூச்சிக்குள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, இரண்டு மூன்று அடி நீளப் புழு காலில் கொப்புளமாகக் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் மனிதன் தண்ணீரில் கால் வைப்பான். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும். அடுத்தவர் அதே படியில் நின்று குடத்தை முக்குவார். கால் நனையாமல் தண்ணீர் எடுக்க முடியாத கிணறு அந்தப் புழுவுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

ராஜஸ்தானில் இந்த நோயால் பயிர் வேலை நேரத்தில் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர்கள் ஏராளம். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சுகாதாரப் பணியாளர்களே ஊர் ஊராகப் போய்ப் படிக்கிணறுகளைக் கயிறு போட்டு இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள், துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் நோய் ஒழிந்த நாடு என்று சான்று கிடைத்தது. கட்டடத்தை நேசிக்கும் நான் இந்த வேலையையும் அதே அளவு நேசிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படி இருந்ததாலேயே எல்லோரும் இறங்கிவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் 1927 மார்ச்சில் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போக வேண்டியிருந்தது. நம் டெல்டாவிலும் எந்தத் துறையில் யார் இறங்கலாம் என்று பிரித்து வைத்திருந்த ஊர்களை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பழைய குளத்தின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

எங்கள் கோயில் குளம் தை கடந்தால் வறண்டுவிடுகிறது. அடியில் சிமெண்ட் தளம் போட்டால் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். நடுவில் இருக்கும் பழைய கிணற்றையும் மூடிவிடலாமாம். செய்யலாமா?
— ஊராட்சி உறுப்பினர், நீடாமங்கலம் ஒன்றியம்

செய்யாதீர்கள். தயவுசெய்து அந்த வேலைக்குத் தீர்மானம் போடாதீர்கள்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்றதும் குளம் இறங்கத் தொடங்கும், அது இயற்கை. பங்குனி, சித்திரையில் குளம் வறண்டாலும் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்றுதான் அடியில் கிணறு வைத்தார்கள். மேலே உள்ள களியைத் தாண்டி அந்தக் கிணறு கீழே மணலைத் தொடுகிறது. குளம் நிறைந்திருக்கும்போது அதன் வழியாகத் தண்ணீர் பூமிக்குள் போகும், குளம் வறண்டபோது அதே கிணற்றில் ஊறி வரும். கும்பகோணம் மகாமகக் குளத்தின் அடியில் 20 தீர்த்தக் கிணறுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். குஜராத்தில் ஒரே கட்டடத்தில் படியையும் கிணற்றையும் சேர்த்தார்கள். நம் ஆட்கள் சேர்த்தது இப்படி. அதை மூடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

சிமெண்ட் தளம் நிலைக்கவும் நிலைக்காது. கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வரும். குளத்தில் அதற்கு ஈடாகத் தண்ணீர் இல்லை என்றால் அடியிலிருந்து தள்ளும் அழுத்தத்தில் தளம் உப்பி வெடிக்கும். பணமும் போய், அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகளும் வறண்டு போகும்.

உங்கள் குளத்துக்கு நோய் அடியில் இல்லை, தண்ணீர் வரும் வாய்க்கால் தலைப்பில். தஞ்சாவூரில் நாயக்கர் காலத்தில் செவ்வப்பன் ஏரியில் மழைநீரைச் சேர்த்து, பூமிக்கடியில் ஜலசூத்திரம் என்ற நீர்வழி மூலமாகச் சிவகங்கைக் குளத்துக்கும் அய்யன் குளத்துக்கும் கொண்டுவந்தார்கள். நீர்வழி அடைபட்டபோது குளங்கள் காய்ந்தன. அதே கதைதான் பல ஊரில். வாய்க்கால் பிரியும் இடத்தில் வீடு வந்திருக்கும், அல்லது சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்தி உயர்த்திப் போட்டதில் அடியில் போன குழாய் மண்ணடைத்திருக்கும்.

முதலில் ஊரில் வாய்க்கால் வேலை பார்த்த பழைய வெட்டியான் குடும்பத்தையோ, நீர் பாய்ச்சிய வயதானவர்களையோ கூட்டிக்கொண்டு வாய்க்கால் தலைப்பிலிருந்து குளத்து மடை வரை நடந்து பாருங்கள். அப்புறம் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் மட்டக் குழாயை வாங்கி, வாய்க்கால் அடிமட்டத்துக்கும் மடையின் அடிமட்டத்துக்கும் எத்தனை அங்குல வித்தியாசம் என்று துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டே வாருங்கள். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அளவு பொய் சொல்லும். வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திய பிறகு, மாசிக்குள் முடித்துவிட்டால் நல்லது. அந்த அளவுகளோடு குளத்தின் நீள அகலம், நடுக்கிணற்றின் குறுக்களவு, அதில் உறை மண்ணா செங்கல்லா, வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். எந்த இடத்தில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அடுத்த இதழிலேயே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.